எண்ணூர்க் கழியில் தூண்டில்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் எண்ணூர் நிலையத்தை விட்டதும் ஒரு பாலத்தின் மேல் தடதடவென்று போகும். பெட்டிக்குள் இருப்பவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்குவது அபூர்வம். தூக்கினாலும் தெரிவது சாம்பல் பூத்த தண்ணீர், அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், உயர் அழுத்தக் கம்பிக் கோபுரங்கள். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் கலக்கிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை அங்கே தூண்டில் போடப் போகிறேன் என்றால் தெரிந்தவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "அங்க மீன் இருக்கா?" என்பது முதல் கேள்வி. இருக்கிறது என்றதும், "அதைச் சாப்பிடுவீங்களா?" என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். மடவை இருக்கிறது, கிழங்கான் இருக்கிறது, காலா எப்போதாவது உள்ளே வரும். இரையைத் திருடுவதையே தொழிலாக வைத்திருக்கும் கீச்சான் எப்போதும் உண்டு. தூண்டிலில் ஏறியதும் வயிற்றை உப்பிக்கொண்டு முறைக்கும் பேத்தையும் உண்டு. அதை யாரும் தொடமாட்டார்கள். சேற்றில் பச்சைக்கல் நண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தூண்டில்காரன் எவனும் வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்கும் கொடுவா.

எது எப்போது வரும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வாங்கும். நேற்று ஏறிய நேரத்துக்கு இன்று ஏறாது. சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் கூடும்; அஷ்டமி, நவமிப் பக்கம் சோம்பிக் கிடக்கும். குஜராத்தின் பவநகர்ப் பக்கம் கடல் 10 மீட்டர் அளவுக்கு எழும்பி இறங்குகிறது. நம் சென்னைக் கரையில் அமாவாசைக்கும் ஏறக்குறைய 1 மீட்டர்தான். அந்த ஒரு மீட்டருக்குள் நடப்பவை ஏராளம். தண்ணீர் ஏறும்போது மடவைக் கூட்டம் கரையோரச் சேற்றை மேய வரும். வாங்கும்போது சின்ன ஓடைகளின் வாயில் பொடிமீனும் இறாலும் வேறு வழியில்லாமல் வெளியே இழுபட்டு வரும்; கொடுவா அங்கே வந்து நிற்கும். தூண்டில்காரனும் அங்கேதான் நிற்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேர்மாறாகத்தான் நடக்கிறது. ஒன்றும் தெரியாமல் போய் நின்ற காலத்தில் எது மாட்டினாலும் அது வெறும் மீன்தான். தண்ணீர் வாங்கி முடியும் தறுவாயில், வரக்கூடாத இடத்தில், வரக்கூடாத மாதத்தில் ஒன்று வந்து தூண்டில் நரம்பை இழுக்கும்போதுதான் "அட!" என்று தோன்றுகிறது. எது வழக்கம் என்று தெரிந்தவனுக்குத்தான் வழக்கம் தவறுவதும் தெரியும். ஊர் ஊராகப் போய்ப் புதுமை தேடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கென்னவோ ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவனுக்குக் கிடைக்கும் வியப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்று படுகிறது.

கொடுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் சேரும் முகத்தில் முட்டையிடும். குஞ்சுகள் கழிக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி வளரும். முதலில் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டு கழித்து, சில கிலோ எடை ஏறியபின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய கொடுவா அநேகமாக முன்னாள் தகப்பன், இந்நாள் தாய். முட்டுக்காட்டில் ஆய்வுப் பண்ணை வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைத் தொட்டியில் வைத்தே குஞ்சு பொரிக்கச் செய்தது. இன்று பொரிப்பகங்களில் நாள் குறித்துக் குஞ்சு எடுக்கிறார்கள். கழியில் மட்டும் அது யார் நாளுக்கும் கட்டுப்படாது.

ஆனால் நான் சொல்ல வந்தது கொடுவாவைப் பற்றியல்ல, ஒரு கெளுத்தியைப் பற்றி.

பாலத்துக்குக் கிழக்கே எப்போதும் வீச்சு வலை போடும் ஒருவர் உண்டு. எனக்கு அவர் அண்ணன். அவருக்கு நான் சார். ஒரு நாள் காலை தண்ணீர் நன்றாக வாங்கிக்கொண்டிருந்த நேரம். வலையைத் தோளில் மடித்து, ஓரத்தைப் பல்லில் கவ்வி, இடுப்பைத் திருப்பி வீசினார். இழுத்துக் கரையில் கொட்டியபோது நாலைந்து மடவைக்கு நடுவே முழங்கை நீளத்தில் ஒரு கெளுத்தி. வலைக்கண்ணில் அதன் துடுப்பு முள் சிக்கியிருந்தது. அதை எடுக்க அவர் தலையைப் பிடித்து அழுத்தியதும் வாயிலிருந்து மஞ்சளாக ஏதோ உருண்டு விழுந்தது. ஒன்று, அப்புறம் இரண்டு மூன்று. கோலிக்குண்டைவிடச் சற்றுச் சின்ன முட்டைகள். குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் மேலும் நூல் மாதிரிச் சிவப்பு நரம்புகள். உள்ளே இரண்டு கரும்புள்ளிகள். கண்கள்.

"இது ஆம்பள சார்," என்றார் அவர். "பொம்பள முட்டய உட்டுட்டுப் பூடும். இதுதான் வாயில வெச்சிக்கினு சுத்தும். பொரிஞ்சி குஞ்சு நீஞ்சற வரைக்கும் ஒண்ணும் துன்னாது."

உண்மைதான். கடல் கெளுத்தி இனத்தில் வாயில் அடைகாப்பது ஆண்; வாரக்கணக்கில் ஏறத்தாழப் பட்டினி கிடக்கும். புத்தகத்தில் எப்போதோ படித்திருந்தேன். படித்ததற்கும், சேற்றில் கிடந்த முட்டைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் நம்மைப் பார்ப்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை அன்றுதான் உணர்ந்தேன். இரை எடுக்காத மீன் என்பதால் என் தூண்டிலில் அது வரவே வராது. வலை இல்லையென்றால் நான் பார்த்திருக்கவே முடியாது. அவர் அதைத் தண்ணீரில் விட்டார். விழுந்த முட்டைகளையும் பொறுக்கி அதன் பக்கத்திலேயே போட்டார். அவை பிழைத்தனவோ என்னவோ.

என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். மடவைகளைக் கூடையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "உனக்கு இதெல்லாம் ஜோரா கீது சார். நமக்கு எப்பவும் வர்றது வந்தாப் போதும்."

கிண்டலாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அந்தக் கெளுத்தி எனக்குக் காணக் கிடைக்காத காட்சி. அவருக்கு ஒரு வீச்சு வீண். நான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் சாம்பாரும் அப்பளமும் இருக்கும். அவர் போனால் வீட்டில் வேறு பேச்சு நடக்கும். எதிர்பாராதது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கே மாதச் சம்பளம் வேண்டியிருக்கிறது. அதுவரை இது எனக்கு உறைத்ததில்லை.

கழியை நம்பிப் பிழைப்பவர்கள் எதிர்பாராததை ரசிப்பதில்லை. அதைப் பங்கு போடுகிறார்கள். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் தலைமுறைகளாகப் 'பாடு' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. நீரோட்டம் வசமாக உள்ள, இறால் வந்து விழக்கூடிய இடங்கள் கொஞ்சந்தான். அங்கே கம்பு ஊன்றி வலை கட்ட எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் அடிதடிதான் மிஞ்சும். எனவே உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு முறை பிரிக்கிறார்கள். இன்று நல்ல இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு. முறை பிசகினால் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். இது எல்லோரையும் உள்ளடக்கிய ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். சாதியும் ஊரும் பார்த்தே உரிமை. அந்தக் குறை இருந்தாலும் அதன் உள்ளே இருக்கும் புத்தியை மெச்சாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் யாருக்கு என்ன தரும் என்பதை மாற்ற முடியாது. ஒருவனுக்கே எல்லா அதிர்ஷ்டமும், இன்னொருவனுக்கே எல்லா ஏமாற்றமும் போகாமல் பார்த்துக்கொள்ள முடியும். நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் நல்லது கெட்டதை இவ்வளவு தெளிவாகப் பகிர்ந்ததைப் பார்த்ததில்லை.

இருளர் பெண்களுக்குப் பாடும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு, சில சமயம் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். பிடித்த இறால் நேராகப் பறிக்குள் போகும். பேச முடியாது, பேசவும் மாட்டார்கள். அவர்கள் கண்ணால் தேடுவதில்லை. விரல் பட்டதும் இது இறால், இது நண்டு, இது கெளுத்தி முள் என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் கை போய்விடும். நான் கொண்டாடும் 'அட!' அவர்கள் விரலுக்கு வந்தால் அது ரத்தமாகத்தான் வரும்.

இப்போது அந்தச் சேற்றில் அவர்கள் கை வைக்கும் இடமெல்லாம் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊரில் 'காக்கா ஆழி' என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கரைகளைச் சேர்ந்த மட்டி. கப்பல்கள் சுமந்து திரியும் நீரோடும் கப்பல் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் இப்படிப்பட்டவை உலகம் சுற்றுகின்றன. எண்ணூரில் அது அடித்தரையைக் கம்பளம் விரித்தது போல மூடிக்கொண்டது. இறால் புதைந்து கிடக்க மண் இல்லை. நண்டு வளை தோண்ட இடமில்லை. ஊர்க்காரர்கள் எடுத்துவந்த மஞ்சள் ஆழிக்கும் மூச்சு முட்டுகிறது. ஓடு கூர்மையானது. வலையைக் கிழிக்கும், காலைக் கிழிக்கும். பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி, கூழைக்கடாவின் இறகு எல்லாம் கறுத்தன. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இவையும் எதிர்பாராதவைதாம். ஆனால் கெளுத்தியின் வாயிலிருந்து வந்ததோடு இவற்றை ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது கழியே தந்தது. அங்கேயே நின்று, காத்திருந்து, பார்க்கக் கற்றவர்களுக்குக் கிடைப்பது. இவை கழிக்குச் சம்பந்தமில்லாத எவரோ எங்கோ எடுத்த முடிவின், அல்லது எடுக்காமல் விட்ட முடிவின் பலன். முடிவு எடுத்தவர்களுக்கு அது ஒரு நாள் செய்தி. இங்கே இருப்பவர்களுக்குப் பல வருட இறால். பாடு போட்டுப் பங்கு பிரிக்க முடியாத நஷ்டம் இது. இதற்குச் சீட்டு எடுக்கும் கூட்டத்தில் மின் நிலையமும் துறைமுகமும் ஆலையும் வந்து உட்காருவதில்லை.

அதற்காக நான் தூண்டிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிடவில்லை. போடவும் மாட்டேன். ரயிலில் தலை நிமிராமல் கடப்பவர்கள் கண்ணில் அந்தத் தண்ணீர் என்றோ செத்துவிட்டது. செத்ததன் மேல் இன்னும் கொஞ்சம் சாம்பல் கொட்டினால் யாருக்கு வலிக்கும்? அங்கே வாயில் முட்டை சுமக்கும் ஆண் கெளுத்தி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாலு பேராவது கூடட்டும். எனக்குக் கிடைக்கும் சந்தோஷத்துக்கு அந்த அளவு பயன் உண்டென்று நம்புகிறேன். அதற்கு மேல் அதைத் தூக்கிப் பிடிக்க விருப்பமில்லை.

இரண்டாவது கேள்வி பாக்கி நிற்கிறது. சாப்பிடுவதில்லை. இந்தத் தண்ணீரிலும் சேற்றிலும் கன உலோகங்கள் இருப்பதாக ஆய்வுகள் மறுபடி மறுபடி சொல்லியிருக்கின்றன. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பிடித்ததை விட்டுவிடுகிறேன். இதைச் சொன்னால் ஏதோ தர்மம் செய்வது போலச் சிலர் மெச்சுகிறார்கள். தர்மமெல்லாம் இல்லை. விட்டுவிடுவதும் சம்பளக்காரன் வசதிதான். கரையோர வீடுகளில் அதே மீன்தான் குழம்பு. அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் போய் இறங்கியதும் அண்ணனிடம், "பெரிசா ஏதாச்சும் மாட்டிச்சா?" என்றுதான் கேட்பேன். இப்போது, "இறால் வருதா?" என்று கேட்கிறேன். போன முறை அவர் வலையை உதறிக்கொண்டே, "வருது, பொடிசாத்தான் வருது," என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைப் பக்கம் காலை வைத்ததும் ஒரு சத்தம் போட்டார்:

"செருப்பப் போட்டுக்கினு எறங்கு சார்! அங்க பூரா காக்கா ஆழி, கால அறுத்துடும்."