வாக்குக்கும் தவணை உண்டு

பாஞ்சாலங்குறிச்சி மண் வீரத்தின் பெயரால் அறியப்படுவது. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் ஊமைத்துரை கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டான். 1974-இல் அரசு அமைத்த நினைவுக் கோட்டையைப் பார்த்து வளரும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு, வீரன் என்பவன் களத்திலேயே மடிபவன். ஆகவே, போர் விமானி ஒருவர் சீருடையைக் களைந்து பயணிகள் விமானம் ஓட்டப் போகிறார் என்று கேள்வியுற்றால், 'பணத்துக்காகப் படையை விட்டார்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இத்தீர்ப்பு நியாயந்தானா? மார்க்கத்தின் தராசில் இதனை நிறுத்துப் பார்ப்போம்.

தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் போர் விமானங்கள் நிலைகொண்டுள்ளன. நம் வாகைக்குளத்திலோ பயணிகள் விமானங்கள் வந்திறங்குகின்றன. வானம் ஒன்றே, வாழ்க்கை இருவேறு. போர் விமானிக்கு அடிக்கடி ஊர் மாற்றம். பறக்கும் நாளெல்லாம் வீட்டாருக்கு நெஞ்சில் நெருப்பு. பயணிகள் விமானிக்கு ஊதியம் அதிகம். 65 வயது வரை பறக்கலாம். 2025 டிசம்பரில், புதிய ஓய்வு விதிகளுக்கு ஈடுகொடுக்கப் போதிய விமானிகள் இன்றி, நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியின் பயணங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அனுபவமுள்ள விமானியை அந்தப் பக்கம் அழைக்கும் குரல் எவ்வளவு வலியது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் படையில் சேர்ந்தவர் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர். குறுகிய காலப் பணியில் சேரும் விமானிக்குத் தவணை 14 ஆண்டுகள். தவணைக்குள் விலக வேண்டுமாயின் மேலிடத்தின் இசைவு வேண்டும். விமானப்படை வீரர் ஒருவரின் வழக்கில், தவணைக் காலத்துக்குள் தம் விருப்பம்போல் விலகும் வரம்பற்ற உரிமை எவருக்கும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

மார்க்கம் இதனினும் ஆழமாகப் பேசுகிறது. ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்தம் தந்தையாரும் மதீனாவுக்கு வரும் வழியில் குறைஷியரிடம் சிக்கினர். 'உங்களுக்கு எதிராகப் போரிட மாட்டோம்' என்று வாக்களித்த பின்னரே விடுவிக்கப்பட்டனர். பத்ருப் போர் வந்தது. எதிரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். நம்மவர் முந்நூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொரு வாளும் தேவைப்பட்ட நேரம் அது. அந்த நிலையிலும் பெருமானார் (ஸல்) அவர்கள், கொடுத்த வாக்கைக் காக்குமாறு பணித்து அவ்விருவரையும் களத்துக்கு அழைக்காது விட்டார்கள்.

இந்நிகழ்ச்சி இருபுறமும் வெட்டும் வாள். தேவை எத்துணைப் பெரிதாயினும் வாக்கை அது கரைத்துவிடாது. பொய்ச் சாக்குச் சொல்லித் தவணைக்குள் நழுவுபவர், ஊதியம் ஆயிரம் மடங்காயினும், வாக்குத் தவறியவரே. அதேபோல, தவணையை நிறைவேற்றி விடைபெறுபவரைத் துரோகி என்று தூற்றுவோரும் உடன்படிக்கையை மதியாதவரே. நாடும் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறதன்றோ?

தவணை முடிந்ததும் பொறுப்பும் முடிந்துவிடுமா என்று சிலர் வினவலாம். இங்கேதான் பர்ளு கிஃபாயாவை நினைவுகூர வேண்டும். ஊரைக் காப்பது சிலர் செய்தால் மற்றோரின் பொறுப்பை நீக்கும் கடமை. ஒருவரும் செய்யாதொழிந்தால் அனைவரையும் குற்றத்தில் நிறுத்தும் கடமை. மருத்துவமும் அத்தகையதே. அதனைக் கைவிட்டு, பதவியும் பொருளும் தரும் ஃபிக்ஹுக் கல்வியின்பால் எல்லாரும் விரைந்ததை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் கண்டித்தார்கள். 'நான் போகலாமா?' என்பதோடு, 'நான் விட்ட இடத்தில் யார் நிற்பார்?' என்றும் கேட்கச் சொல்வதே இக்கடமையின் உட்பொருள்.

நம் கடற்கரையில் முத்துக் குளிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆயின. ஆயினும் அதன் பாடம் நிற்கிறது. குளிப்பவர் கல்லோடு அடியில் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். குளிப்பவர் அடியில் இருக்கையில் கயிற்றை விடுவது கொலைக்கு நிகர். அவர் மேலே வந்தபின் கயிற்றை இன்னொரு கையில் ஒப்படைத்துவிட்டுக் கரையேறுவதில் யாதொரு பழியும் இல்லை. விமானியின் திறமை மக்கள் வரிப்பணத்தாலும் ஆசான்களின் உழைப்பாலும் உருவான அமானிதம். தமக்குப்பின் வருவோருக்கு அதனைக் கற்பித்துச் செல்பவர் கயிற்றைக் கைமாற்றியவராவார்.

சீருடை ஒன்றே நாட்டுப்பணி என்று எண்ணுவதும் பிழை. இராமேசுவரத்து அப்துல் கலாம், விமானியாகும் ஆசையோடு விமானப்படைத் தேர்வுக்குச் சென்றார். தேர்ந்தெடுக்கப்பட்டோர் எண்மர், இவர் ஒன்பதாமவர். அந்தக் கதவு அடைபட்டதால் அவருடைய தொண்டு குறைந்ததா? நூற்றெண்பது உயிர்களைப் பத்திரமாகத் தரையிறக்குவதும் அமானிதமே. மனைவி மக்களின் உரிமையைப் பேணுவதும் இபாதத்தே.

ஆகவே அன்பர்களே, உங்கள் பிள்ளை இப்படியொரு யோசனையோடு வந்து அமர்ந்தால், சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேளாதீர்கள். கோழை என்றும் சொல்லாதீர்கள். 'வாக்களித்த தவணை நிறைந்ததா? கயிற்றை யார் கையில் கொடுத்தாய்?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் நேரான விடை கிடைத்தால் பிஸ்மி சொல்லி அனுப்பிவையுங்கள். கிடைக்காவிடில், இன்னும் சில காலம் பொறுக்கச் சொல்லுங்கள். உள்ளங்களின் நிய்யத்தை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.