மேலங்கியா, ஈட்டியா?



தாவீது யாழ் மீட்டிய அரண்மனையில் தந்தையும் மகனுமாக இருவர் அவருக்குச் செவிகொடுத்தனர். ஆட்டிடையனாய் வந்த அந்த இளைஞனின் புகழ் ஊரெங்கும் பாட்டாய்ப் பரவியபோது, தந்தையாகிய சவுல் ஈட்டியை எடுத்து எறிந்தார். அரியணைக்கு உரியவரான மகன் யோனத்தானோ முன்னரே தம் மேலங்கியைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்திருந்தார். தாவீதே அரசராவார் என்று தெரிந்த பின்னும் அந்த அன்பை அவர் திரும்பப் பெறவில்லை.

நண்பன் நமக்குக் கீழே இருக்கும்வரை நட்பு எளிது. அவன் நம்மை மிஞ்சும் நாளில்தான் அது சோதிக்கப்படுகிறது.

நம் காலத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. பேரலையின்மேல் பலகையில் நின்று சறுக்கி வரும் விளையாட்டை நம்மவர் பலர் அறுகம்குடாவில் கண்டிருப்பீர்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாகுவின் வடகரை அவ்விளையாட்டுக்கு உலகப் புகழ் பெற்றது. ஜாக் ஜோன்சன் 1975இல் பிறந்து, அக்கரையிலே வளர்ந்தவர். 1972இல் கலிபோர்னியாவில் பிறந்த டொனவன் பிராங்கன்றைற்றர், பதின்ம வயதிலேயே அலைச்சறுக்கு வீரராக அங்கு வந்து, ஜாக்கின் பெற்றோருக்குரிய வீட்டில் வாடகைக்கு இருந்தார். கடலும் கிற்றாரும் இருவருக்கும் பொதுவாயின.

ஜாக் தம் 17ஆம் வயதில், பைப்லைன் என்னும் இடத்தில் அலையில் விழுந்து, கடலடிப் பாறையில் மோதி முகத்தில் படுகாயமுற்றார். நூற்றுக்கு மேற்பட்ட தையல்கள். கடலில் இறங்க முடியாத அந்நாட்களில் கிற்றாரே அவருக்குத் துணை. 2001இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பு அவரை உலகறியச் செய்தது. மூத்தவரான டொனவனும் சன்சைல்ட் என்றொரு குழுவில் இசைத்துவந்தார், அக்குழு கலைந்துபோயிற்று.

உயர்ந்த இளையவர் மூத்தவரை மறக்கவில்லை. தம் இசைத்தட்டு நிறுவனத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். 2004இல் வெளிவந்த டொனவனின் முதல் தனித்தொகுப்பைத் தயாரித்தவர்களுள் ஒருவராக நின்று, அதில் ஒரு பாடலில் உடன் பாடியும் கொடுத்தார். மூத்தவரும் கூச்சப்படவில்லை. இளையவரைக் கேட்க வந்த கூட்டத்தின் முன், அவருக்கு முந்திப் பாடும் சிறிய இடத்தை ஏற்றுக்கொண்டார். கைகொடுக்கத் தாழ்ச்சி வேண்டும். கொடுத்த கையைப் பற்றிக்கொள்ள அதனிலும் பெரிய தாழ்ச்சி வேண்டும்.

இவர்களைப் புனிதர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் கோவில்களில் நடவாத ஒன்று கடற்கரையில் நடந்திருக்கிறதே என்றுதான் வருந்துகிறேன்.

நான் முன்னர் பணியாற்றிய ஒரு பங்கில், பல்லாண்டுகளாக ஆர்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்திய பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடமே சுரம் கற்ற ஓர் இளைஞன் கிற்றாரோடு வந்தான். திருநாளன்று அவன் வாசித்ததைக் கேட்டு மகிழ்ந்து, திருப்பலி முடிவில் எல்லோர் முன்னும் அவனைப் பாராட்டினேன். பெரியவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அவர் கடைசி வாங்கில் இருந்தார். வாய் திறந்து பாடவில்லை. இளைஞன் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் முன்னே வரவில்லை. இருவரையும் சேர்த்துவைக்க வேண்டிய குருவானவராகிய நான், நாட்கள் போனால் சரியாகிவிடும் என்றிருந்துவிட்டேன். சரியாகவில்லை. மாற்றலாகி நான் புறப்பட்ட ஞாயிறும் அவர் அதே வாங்கில்தான் இருந்தார். ஈட்டி எறிய இரும்பு வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லாமல் விட்டாலும் போதும் என்பதை அன்று கற்றேன்.

ஸ்நாபக அருளப்பரை நினைத்துப் பாருங்கள். தம் சீடர்களே தம்மைவிட்டு இயேசுவின் பின்னால் போனபோது அவர் முகம் வாடவில்லை. மணமகனின் தோழனைப்போல் மகிழ்ந்தார். தாம் குறைவதைத் தோல்வியாக எண்ணாதவரே மெய்யான தோழர்.

இந்த ஞாயிறு திருப்பலிக்குப் போகும்போது, உங்களுக்கு முதன்முதல் ஒரு பாட்டை, ஒரு தொழிலை, ஒரு செபத்தைக் கற்றுத்தந்தவரைத் தேடிப் பாருங்கள். கடைசி வாங்கில் இருந்தால், போய் அருகில் அமருங்கள். கடைசி வாங்கில் இருப்பவர் நீங்களே என்றால், அழைக்க வரும் இளையவரின் கையைத் தட்டிவிடாதீர்கள்.

மேலங்கியும் ஈட்டியும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கின்றன. எதை எடுக்கப்போகிறோம்?