எண்ணெய் ஏறியபின் நெருப்பு



தூய ஆவியார் பெருவிழாவின் திருவிழிப்பில் எசேக்கியேலின் எலும்புப் பள்ளத்தாக்கைக் கேட்டோம். எலும்பு எலும்போடு சேர்கிறது, நரம்பு படர்கிறது, தசை ஏறுகிறது, தோல் மூடுகிறது. அத்தனையும் ஆன பிறகும் உயிர் இல்லை. இறைவாக்கினர் இரண்டாம் முறை வாய் திறக்க வேண்டியிருக்கிறது, இந்தத் தடவை காற்றை நோக்கி. உடல் கூடியதற்கும் உயிர் வந்ததற்கும் நடுவே கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். துணைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை அழைத்து வந்திருக்கிறேன். பீடத்தில் இஞ்சின் பேச்சா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்றோர் ஊர். 1538இல் எட்டாம் ஹென்றி மூடும்வரை பெரிய பெனடிக்டின் மடம் அங்கே இருந்தது. அதே ஊரில் 1962 முதல் 1980 வரை எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பினார்கள். அதன் 1798 சிசி இஞ்சின் நமக்கு ஒருவகையில் உறவுதான்; நம்மூர் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி இஞ்சினும் அதே பி-சீரிஸ் குடும்பம். இன்றைக்கும் அங்கே பலர் இந்த இஞ்சினை வீட்டுக் கராஜிலேயே இறக்கி, ரிங், பேரிங், கேம் ஷாஃப்ட் எல்லாம் மாற்றித் தாங்களே கூட்டுகிறார்கள். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. கடைசி போல்ட்டை முறுக்கியதும் கை தானாகச் சாவிக்குப் போகும். அனுபவப்பட்டவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஏனென்றால் உள்ளே எண்ணெய்ப் பாதைகள் காலி. கூட்டும்போது தடவிய பசை மட்டும்தான் பேரிங்குகளைக் காக்கிறது. ஆகவே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பெட்ரோலும் தீப்பொறியும் இல்லாமல் வெறும் செல்ஃப் அடித்துச் சுற்றுகிறார்கள். இஞ்சின் சளசளவென்று சுற்றும். டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தை விட்டு அசையாது. பேட்டரிக்கு மூச்சு வாங்கவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். பிறகு முள் ஒரு துடிப்புத் துடித்து மேலே ஏறும். அதற்குப் பிறகே பிளக், அதற்குப் பிறகே நெருப்பு.

சீடர்களுக்கும் இப்படித்தான் நடந்தது. திபேரியா ஏரிக்கரையில், என்னை அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்டு மூன்று முறை பதில் வாங்கி ஆண்டவர் பேதுருவைப் பழுது பார்த்து முடித்துவிட்டார். ஆனாலும் எருசலேமை விட்டுப் போகாதீர்கள், காத்திருங்கள் என்றுதானே சொன்னார்? மாடியறையில் அன்னை மரியாவோடு சீடர்கள் மன்றாடிக்கொண்டிருந்தபோது வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தியானம் முடிந்த மறுநாளே ஊரைத் திருத்தக் கிளம்புகிறவர்கள் அந்த மாடியறையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்று, டைமிங். இந்த இஞ்சினில் பிஸ்டன் ஒரு சுழற்சிக்குள் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒருமுறை காற்றும் பெட்ரோலும் கலந்ததை அழுத்திக்கொண்டு வரும். மறுமுறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். கிராங்க் புல்லியில் உள்ள குறியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். டிஸ்ட்ரிபியூட்டரைத் தவறான உச்சிக்கு வைத்துவிட்டால் இஞ்சின் பிடிக்காது, கார்பரேட்டர் வழியே திருப்பி வெடிக்கும். பிளக் குழியில் விரலை வைத்து அழுத்தம் முட்டுகிறதா என்று பார்ப்பதே பழைய வழி. கெத்சமனியில் வாளை உருவி மல்கு என்பவனின் காதை வெட்டிய பேதுருவிடம் நெருப்புக்கா குறைச்சல்? அதே நெருப்புத்தான் பெந்தக்கோஸ்து அன்றும் எரிந்தது, உரிய வேளையில்.

இஞ்சின் பிடித்ததும் கராஜ் முழுக்கப் புகை எழும். கூட்டும்போது வழிந்த எண்ணெய் மேனிஃபோல்டில் பட்டு எரிகிறது, அவ்வளவுதான். பதறி அணைப்பவர்கள் உண்டு. திருத்தூதர்களைப் பார்த்துக் குடிவெறி என்று கூட்டம் சிரித்தபோது பேதுரு அணைந்துவிடவில்லை. காலை ஒன்பது மணிதானே ஆகிறது என்று பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

நம்மில் அதிகம் பேர் தவறுகிற இடம் இனிமேல்தான் வருகிறது. புது இஞ்சின் பாவம், மெல்ல ஓடட்டும் என்று ஸ்லோவில் விட்டுவிடத் தோன்றும். அது அன்பு போலத் தெரிகிற கெடுதல். புதுக் கேமின் மேடுகளும் டேப்பட்டுகளும் ஒன்றோடொன்று பழகும் இடத்துக்குப் பெரும்பாலும் கிராங்க் தெறிக்கும் எண்ணெய்தான் போகிறது. மெதுவாகச் சுற்றினால் தெறிப்பு போதாது, மேடு தேய்ந்துவிடும். ஆகவே முதல் இருபது நிமிடம் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டச் சொல்கிறார்கள். ரிங்குகளின் கதையும் அதுதான். எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சிலிண்டர் சுவரோடு அழுத்தினால்தான் அது சரியாகப் படியும். அந்த அழுத்தம் பாரம் இழுக்கும்போதுதான் வரும். கொஞ்சம் மேட்டில் ஏற்ற வேண்டும், பிறகு விட வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். சும்மா உறுமவிட்டுக் கொண்டிருந்தால் சிலிண்டர் சுவர் வழவழத்துப்போய், அந்த இஞ்சின் எப்போதும் எண்ணெய் குடிக்கும்.

திருத்தூதர் பணிகள் நூலை இந்தக் கண்ணோடு புரட்டுங்கள். ஆவியார் இறங்கிய அன்றே வீதி, மூவாயிரம் பேர். அடுத்து, அழகுவாயிலில் கால் ஊனமுற்ற ஒருவர். அடுத்து ஓர் இரவுக் காவல். அதன் பின்னர்தான் சாட்டையடி. பாரம் படிப்படியாகத்தான் ஏறியது. ஆனால் முதல் நாளே தொடங்கிவிட்டது. இஞ்சினிலும் முதல் எண்ணெயை வடித்தால் அதில் உலோகப் பொடி மினுங்கும், அதற்கும் அஞ்ச வேண்டாம், சீக்கிரம் மாற்றிவிட்டு ஓட்டுவார்கள். ஒப்புரவு அருளடையாளம் பெற்ற சில வாரங்களில் மறுபடி வர வெட்கப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சென்ற ஞாயிறு உறுதிபூசுதல் பெற்ற பிள்ளைகளே, உங்கள் நெற்றியில் பூசிய கிறிஸ்மா எண்ணெய் இன்னும் புதிது. பாரம் இழுக்கத் தொடங்க வேண்டிய வேளை இதுதான். வின்சென்ட் தே பவுல் சபையார் செவ்வாய் மாலை அரசு மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுபோகிறார்கள். பாத்திரம் தூக்க ஆள் போதவில்லை. பள்ளி திறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெற்றோர் தள்ளிப்போட வேண்டாம். ஐந்தரை மணிக்குக் கோயில் பின்வாசலில் நில்லுங்கள்.