எழுதாமல் கொடுத்த வாக்கு

ஒரு மனிதன் தான் படித்தே பார்க்காத ஒரு வாக்குறுதியின் கீழே தன் பெயரைப் போட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாக்கு அவனைக் கட்டுப்படுத்துமா? “கையெழுத்துப் போட்டவன் கட்டுப்பட்டவன்தான், இதிலென்ன சந்தேகம்?” என்று வக்கீல் சொல்லிவிடுவார். நான் சட்டத்தைக் கேட்கவில்லை, மனச்சாட்சியைக் கேட்கிறேன். என்னை இப்படிக் கேட்க வைத்தவன் என் அக்காள் மகன்.

அவன் கைப்பேசிகளுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவன். ஆண்ட்ராய்டு ஒரு ஜாதி, ஐபோன் வேறொரு ஜாதி. ஒன்றுக்கு எழுதியது மற்றதற்கு ஆகாது. இரண்டுக்கும் பொதுவாக எழுதும் வழி ஒன்றை, ரியாக்ட் நேட்டிவ் என்ற பெயரில், ஃபேஸ்புக் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்டார்கள். அந்த வழியில் வேலை செய்கிறவர்கள் பிறர் எடுத்து உபயோகிக்கும்படி சிறு சிறு பகுதிகளையும் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதற்கு ‘லைப்ரரி’ என்று பெயர். லைப்ரரி தொடங்குகிறவர்களுக்காக ஒரு கருவி இருக்கிறது: ‘கிரியேட் ரியாக்ட் நேட்டிவ் லைப்ரரி’. போலந்து தேசத்தில் தோன்றிய கால்ஸ்டாக் என்ற நிறுவனத்தார் செய்தது. படமில்லை, பொத்தானில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்ட வேண்டும். உன் லைப்ரரிக்கு என்ன பெயர், எதற்காகச் செய்கிறாய், உன் பெயரென்ன, மின்னஞ்சல் என்ன என்று பெண் பார்க்க வந்தவர்களைப் போல வரிசையாகக் கேட்கிறது. பதில் சொல்லி முடித்தால் சற்று நேரத்தில் கோப்புகள் நிறைந்த ஒரு வீடே எழுந்து நிற்கிறது. இரண்டு ஜாதிக் கைப்பேசிகளுக்கும் வேண்டியவை, சோதித்துப் பார்க்க ஒரு மாதிரிச் செயலி, எல்லாம் தயார். உள்ளே மாதிரிக்காக வைத்திருக்கும் வேலை என்னவோ இரண்டு எண்களைப் பெருக்குவதுதான்!

இதைச் சாரம் கட்டுதல் என்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பொருந்தவில்லை. கொத்தனார் சவுக்குக் கழியும் கயிறுமாகக் கட்டுகிற சாரம், பூச்சு முடிந்ததும் அவிழ்க்கப்பட்டுவிடும். சாரத்தில் யாரும் குடியிருப்பதில்லை. இந்தக் கருவி கட்டுவதோ அப்படியே நின்றுவிடுகிறது. போகட்டும். ஒரே மாதிரியான அமைப்புகளை ஆயிரம் பேர் ஆயிரம் தடவை கையால் எழுதி என்ன புண்ணியம்? அதில் எனக்கு வழக்கில்லை.

அந்த வீட்டில் வேறு சில காகிதங்களும் கிடந்தன. அவற்றைத்தான் நான் படித்துப் பார்த்தேன். ஒன்று உரிமம். அதில் ஆண்டும் என் மருமகன் பெயரும் அச்சாகியிருந்தன. எந்தச் சேதத்துக்கும் இவர் பொறுப்பல்லர் என்று கண்டிருந்தது. இன்னொன்று அழைப்பு: சிறிதோ பெரிதோ, எவருடைய உதவியும் இங்கே வரவேற்கப்படும். மூன்றாவது நடத்தை விதிகள். 2014-இல் தோன்றி, பலரும் தங்கள் திட்டங்களில் வைத்துக்கொள்கிற உறுதிமொழி அது. இங்கே வருகிற எவரையும் இனத்தாலோ மதத்தாலோ இழிவு செய்ய விடமாட்டோம், முறையீடு வந்தால் உடனே நியாயமாக விசாரிப்போம் என்கிறது. முறையீட்டை எங்கே அனுப்புவது? மூல வாசகத்தில் அந்த இடம், அவரவர் நிரப்பிக்கொள்ளும்படி, வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. இவன் நிரப்பவில்லை.

“அதெல்லாம் தானா வர்றது, மாமா. யாரும் படிக்கிறதில்லே” என்றான்.

சடங்கு வாசகங்களை நான் இளப்பமாக நினைப்பவனல்லன். மணவறையில் புரோகிதர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை திருப்பிச் சொல்கிறான். அர்த்தம் தெரிந்தா சொல்கிறான்? ஆனால் பத்து வருஷம் கழித்து, “எனக்கு அர்த்தம் தெரியாது, ஆகையால் அது செல்லாது” என்று அவன் சொன்னால் எந்தப் பெண் ஒப்புக்கொள்வாள்? வாக்கின் கனம் சொன்னவன் பட்ட சிரமத்தில் இல்லை. கேட்டவள் அதை நம்பி எடுத்து வைத்த அடியில் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை என்பதும் முழு உண்மையல்ல. சௌகரியமாக இருக்கிறவன் படிக்கமாட்டான். அவமானப்பட்டவன் படிப்பான். கடைசி வரியில் முகவரியைத் தேடுவான்.

நம்பிக்கை எவ்வளவு தூரம் போய்விடுகிறது என்பதற்கு 2016 மார்ச்சில் நடந்ததைச் சொல்லலாம். எழுத்துக்களுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் ‘லெஃப்ட்பேட்’ என்ற பதினோரு வரி நிரலை, எழுதியவர் மனக்கசப்பில் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த எத்தனையோ நிரல்கள் உலகெங்கும் கட்டமுடியாமல் நின்றுபோயின. சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. அவர் யாருக்கும் ஒன்றும் கடன்பட்டவரல்லர். ஆனாலும் அத்தனை பேர் அந்தப் பதினோரு வரியின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் மருமகனிடம் சற்று அதிகமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து வந்து, “அந்த விதிக் கோப்பையே எடுத்துவிட்டேன், மாமா. யாராவது முறையிட்டால் விசாரிக்க எனக்கு நேரம் ஏது?” என்றான்.

எனக்குத் திக்கென்றது. பொய்யான வாக்கு போயிற்று என்று மகிழ்வதா, நல்ல வாக்கு ஒன்று உலகத்தில் குறைந்ததென்று வருந்துவதா? காலியிடத்தில் ஒரு முகவரியை நிரப்பியிருக்கலாமே என்று மெல்லச் சொன்னேன்.

அவன் என் மேஜையைப் பார்த்தான். “நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்குகிறீர்களே, மாமா?” என்றான்.

பதில் எழுதாத கடிதங்கள் ஏழெட்டு அங்கே கிடந்தன. இரண்டு, உடம்பு சரியில்லாதவர்களிடமிருந்து வந்தவை.