பொம்மசந்திராவோடு நின்றுவிடும் ரயில்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ., 16 நிலையங்கள், எல்லாம் தூண்களின் மேல். அவற்றுள் ஓசூர்க்காரர்களான நாம் உற்றுப் பார்க்க வேண்டியது சென்ட்ரல் சில்க் போர்டு. கே.ஆர்.புரம் வழியாக தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் செல்லவிருக்கும் நீலத் தடம் அங்கிருந்துதான் புறப்படும். அது முடிந்துவிட்டால், விமானம் ஏறப் போகிறவர் பெங்களூரின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை சாலையில் நெரிபட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் அவர் மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடியையும் அத்திப்பள்ளியையும் கடந்து பொம்மசந்திரா போய்ச் சேர வேண்டும். அந்தத் தூரத்துக்கு மெட்ரோ கிடையாது.

விமானம் ஏறுகிறவரைவிட இந்த இடைவெளி அதிகம் வாட்டுவது தினமும் வேலைக்குப் போகிறவரைத்தான். வாடகை கட்டுப்படியாகிறது என்று ஓசூரில் குடியிருந்துகொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே குடியிருந்து இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் இங்கே வந்ததற்கு பெங்களூரின் அண்மையும் ஒரு காரணம். எல்லைக்கோடு உற்பத்தியைத் தடுக்கவில்லை, சரக்கையும் தடுக்கவில்லை. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் மனிதரின் நேரத்தை மட்டும் தின்றுகொண்டிருக்கிறது.

மஞ்சள் தடத்தை ஓசூர் வரை நீட்டும் யோசனை ஆய்வு நிலைவரை வந்தது. பிறகு மின்சாரம் குறுக்கே நின்றது. பெங்களூரு மெட்ரோவுக்கு 750 வோல்ட் நேர்மின்னோட்டம், தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தின் வழியாக வருகிறது. தமிழ்நாடு திட்டமிட்டதோ தலைக்கு மேலே கம்பியில் வரும் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். தன் ரயில்கள் இரண்டிலும் ஓடாது என்று பெங்களூரு மெட்ரோ நிர்வாகம் சொல்வது பொறியியல்படி நியாயம்தான். ஆனால் பயணி ஒரே ரயிலிலேயே உட்கார்ந்து போக வேண்டும் என்று யார் கேட்டார்கள்? சில்க் போர்டில் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறப் போகிறவர், பொம்மசந்திராவில் எதிர் நடைமேடைக்கு நாலு எட்டு வைத்து இன்னொரு ரயிலில் ஏற மாட்டாரா? டெல்லி மெட்ரோ நொய்டாவுக்கும் குர்கானுக்கும் மாநில எல்லை தாண்டி ஓடத் தொடங்கி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஓசூருக்கே விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள். பெங்களூரு விமான நிலையத்தின் ஒப்பந்தமோ 150 கி.மீ. தொலைவுக்குள் 2033 வரை புதிதாக ஒன்று வருவதற்குத் தடையாக நிற்கிறது. பறப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் இந்த மாவட்டத்தில், தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயிலே இல்லை. முன்பு திருப்பத்தூரிலிருந்து அங்கே குறுகிய பாதை ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தப் பாதை மூடப்பட்டது. அதற்குப் பின் எத்தனையோ அரசுகள் வந்தும் அந்த ஊருக்கு ரயில் திரும்பவில்லை.

விமான நிலையம் வேண்டாம் என்பதல்ல. வரட்டும், வேலையும் கொண்டுவரட்டும். ஆனால் மாதத்தில் ஒருநாள் பறக்கிறவருக்காக இவ்வளவு தூரம் யோசிக்கிற நாம், மாதத்தில் இருபத்தாறு நாள் எல்லை தாண்டுகிறவருக்காக இரண்டு அரசுகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்க வேண்டும். அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது வோல்ட் கணக்கை அல்ல. பொம்மசந்திராவில் அந்த எதிர் நடைமேடையை எங்கே கட்டுவது, செலவை எப்படிப் பகிர்வது என்பதைத்தான்.