பின்வரிசைக் குரல்

நம் நாட்டில் 'பின்னணிப் பாடகி' என்றவுடன் பெயரும் புகழும் பெற்றவரையே நினைக்கிறோம். ஈண்டு நான் கருதுவது அவரையன்று. அவருக்கும் பின்னால், ஒரே ஒலிவாங்கியைச் சூழ்ந்து நின்று 'கோரஸ்' பாடுவோரை. அவர்களுள் ஒருவர் முன்வரிசைக்கு வர விரும்பினால், அது தற்பெருமையா, தமக்குரியதைக் கேட்பதா? இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் ஜூடித் ஹில் என்னும் அமெரிக்கப் பாடகி.

2009-இல் மைக்கேல் ஜாக்சன் லண்டனில் நடத்தவிருந்த நிகழ்ச்சிகளுக்கான ஒத்திகையில் துணைக்குரல் பாடியவர் இவர். ஜாக்சனோடு இணைந்து ஒரு பாடலைப் பாடவும் தெரிவாகியிருந்தார். ஜூன் 25 அன்று ஜாக்சன் இறந்துபோனார். ஜூலை 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த நினைவு நிகழ்ச்சியில், உலகமே பார்த்திருக்க, பாட்டை முன்னின்று எடுத்தவர் இந்தப் பெண்தான். ஆயினும் ஒரு நாள் புகழ் வாழ்வுக்கு உணவாகாது. மீண்டும் துணைக்குரல் வேலைகளை ஏற்றார். தனிப் பாடகியாக முயன்றுகொண்டிருப்பவரைப் பின்வரிசையில் எவரும் கண்டுகொள்ளலாகாது என்று ஒரு நிகழ்ச்சியில் பொய்முடி அணிந்து நின்றாராம். பாடுகிற ஒருவர் தம் முகத்தை மறைக்க நேர்ந்த அந்த நிலையை எண்ணும்போது மனம் வலிக்கிறது.

2013-இல் 'தி வாய்ஸ்' என்னும் தொலைக்காட்சிப் போட்டிக்கு வந்தார். அதன் முதற்கட்டத்தில் நடுவர் நால்வரும் பாடுபவருக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பர். குரல் பிடித்தால் மட்டும் பொத்தானை அழுத்துவர், நாற்காலி திரும்பும். ஜூடித் பாடியபோது நான்கு நாற்காலிகளும் திரும்பின. விந்தை என்னவெனில், துணைக்குரல் பாடுவோர் வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் பாடுகின்றனர். கேட்போர் அவர் குரலை அறிவர், முகத்தை அறியார். நாற்காலிதான் திரும்புவதில்லை. அப்போட்டியிலும் காதின் தீர்ப்பு தொடக்கத்தோடு முடிந்தது. பிறகு வந்தது மக்கள் வாக்கு. எண்மராய்ச் சுருங்கிய கட்டத்தில் ஜூடித் வெளியேறினார்.

தாழ்ச்சியைப் புண்ணியமாகப் போற்றும் நாம், பின்வரிசையில் நிற்பதும் தொண்டுதானே என்று சொல்லிவிடக்கூடும். சொல்வது எளிது. டார்லீன் லவ் என்பவரின் கதையைக் கேட்டபின் எனக்கு அது எளிதாயில்லை. 1962-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஹீ இஸ் எ ரெபல்' பாடலைப் பாடியவர் அவரே. இசைத்தட்டு வெளிவந்ததோ 'தி கிறிஸ்டல்ஸ்' என்ற வேறொரு குழுவின் பெயரில். பிற்காலத்தில் அவர் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தார். அப்படியொரு நாள் வேலை செய்துகொண்டிருக்கையில், வானொலியில் தாம் பாடிய கிறிஸ்துமஸ் பாடலையே கேட்டாராம். ராக் இசைக்கான புகழ்மன்றத்தில் அவர் இடம்பெற்றது 2011-இல். இதைத் தாழ்ச்சி என்று எவரேனும் அழைப்பாராயின், அவர் அச்சொல்லைக் களவுக்குத் துணையாக்குகிறார் என்பேன். தாழ்ச்சி ஒருவர் தாமே மேற்கொள்வது; பிறர் தலையில் ஏற்றிவைப்பதன்று.

டார்லீன் ஒரு போதகரின் மகள். அவரைப் போன்ற பலரும் கறுப்பின மக்களின் ஆலயங்களில் பாடிப் பழகியவர்கள். அங்கு ஒருவர் அடியெடுக்க, குழு மறுமொழி பாடும். யார் பெயர் முதலில் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையுமில்லை, ஏனெனில் அப்பாடலை எவரும் விற்கவில்லை. அதே குரல், அதே பின்வரிசை, ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனபோது வேறொன்றாயிற்று. ஒருவர் பெயரை மறைத்து மற்றொருவர் பணமீட்டும் இடமாயிற்று. நிற்கும் இடத்தில் குற்றமில்லை, கணக்கில் இருக்கிறது. (நம் பங்குப் பாடகர் குழுவில் ஒலிவாங்கி ஞாயிறுதோறும் ஒருவர் கைக்கே போவது ஏன் என்று ஒரு சிறுமி கேட்டால், அவளுக்குத் தாழ்ச்சியைப் போதிக்கும் முன் நாமும் சற்று யோசிக்கலாம்.)

ஆயினும் முன்வரிசையே அனைவருக்கும் உரிய இடம் என்றும் நான் துணியமாட்டேன். லிசா ஃபிஷர் 1992-இல் தனிப் பாடகியாக கிராமி விருது பெற்றவர். விருதுக்குப் பின்னும் அவர் துணைக்குரல் பாடுவதையே தம் தொழிலாக்கி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு பல்லாண்டுகள் பயணம் செய்தார். வாயில் திறந்திருந்தது, அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். டார்லீனுக்கோ வாயிலே அடைத்திருந்தது. இருவரும் நின்றது ஒரே வரிசையில்தான்.

இம்மூவரும் தோன்றும் 'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' என்ற ஆவணப்படம் 2013-இல் வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. 2015-இல் ஜூடித்தின் தனித்தொகுப்பு, இசையமைப்பாளர் பிரின்ஸின் துணையோடு வெளியாயிற்று. பின்னர் அவர் நடத்திய கச்சேரிகளில், மகள் நடுவில் நின்று பாட, பின்னால் தந்தை பாஸ் கித்தாரும் ஜப்பானியரான தாய் விசைப்பலகையும் வாசித்தனர்.