கர்ணன் பட்ட கடன்

அய்யா துணை

மேட்டூர், மேச்சேரி, பென்னாகரம் வட்டாரத்து ஊர்களில் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. கர்ண மோட்சம் ஆடும் இரவில் கூட்டம் லேசில் கலைவதில்லை. தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து, கர்ணன் வேடம் கட்டியவர் அம்பு பட்டுச் சாய்கிற நேரத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள். வட மாவட்டங்களில் இறந்தவரின் கருமகாரிய இரவிலும் இந்தக் கூத்தை ஆடச் சொல்லும் வழக்கம் உண்டு. கொடுத்தே வாழ்ந்த ஒருவன் மோட்சம் போன கதையைக் கேட்டால், போன உயிருக்கும் நல்ல கதி கிடைக்கும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

அந்தக் கண்ணீரில் குற்றமில்லை. ஆனால் அழுது முடித்த பிறகு அன்புக்கொடி மக்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இல்லை என்று சொல்லாத கர்ணன், அதர்மத்தின் பக்கம் நின்று மாண்டது ஏன்? செஞ்சோற்றுக் கடன் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறோம். சோறு போட்டவனுக்காக அநீதிக்குத் துணை நிற்பது தர்மமா?

அகிலத்திரட்டு அம்மானையை வாசிப்பவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. குறோணியின் உடல் ஆறு துண்டாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் பிறவி எடுத்தது. திரேதா யுகத்தில் இராவணனாக வந்தது. துவாபர யுகத்தில் துரியோதனனாக வந்தது. கலியுகத்தில் கலியனாக வந்து, மனிதர் மனத்துக்குள்ளேயே குடியேறிக்கொண்டது. அப்படியானால் கர்ணன் உண்டது யார் வீட்டுச் சோறு? குறோணியின் துண்டு போட்ட சோறு அல்லவா?

அந்தச் சோற்றுக்கு அவன் எப்படி வந்தான் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அஸ்தினாபுரத்தில் இளவரசர்கள் வித்தை காட்டும் அரங்கம் நடக்கிறது. அர்ச்சுனனுக்கு நிகராக வில் பிடிக்க வந்து நிற்கிறான் கர்ணன். கிருபாச்சாரியார் அவனுடைய வில்லைப் பார்க்கவில்லை. உன் குலம் எது, உன் தந்தை யார் என்று கேட்கிறார். தேரோட்டி வளர்த்த பிள்ளை தலை குனிந்து நிற்கிறான். பெரியவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். பெற்ற தாயும் இருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழுந்தவன் துரியோதனன் ஒருவன்தான். அங்க தேசத்து முடியை அந்த இடத்திலேயே கர்ணன் தலையில் வைத்தான்.

துரியோதனன் செய்தது நல்ல காரியமாகத்தானே தெரிகிறது? தெரியத்தான் செய்யும். கலி எப்போதும் கோரப் பல்லோடு வருவதில்லை. சில நேரம் கையில் கிரீடத்தோடும் வரும். தர்மம் பேசுகிறவர்கள் ஒருவனைத் தாழ்ந்தவன் என்று வாசலில் நிறுத்தி வைத்தால், அவனை அதர்மம் உள்ளே அழைத்து விலைக்கு வாங்கிக்கொள்ளும். கர்ணன் கெட்டதில் முதல் பங்கு, அன்று குலம் கேட்ட அந்த அரங்கத்துக்கு உண்டு. தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கி விடுவதே தர்மம் என்று அய்யா சொன்னதன் ஆழம் இங்கேதான் விளங்குகிறது. அது இரக்கத்தால் செய்யும் உபகாரம் மட்டுமல்ல. நாம் தூக்காமல் விட்டவனைத் தூக்கிவிடக் கலி காத்திருக்கிறது.

அய்யா வைகுண்டர் காலத்துத் தென்திருவிதாங்கூரையும் நினைத்துப் பார்ப்போம். தலைப்பாகை கட்டவும் மேலாடை அணியவும் பல சாதியாருக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்தது. தலைவரி முதலாகப் பல வரிகள் அவர்களை அழுத்தின. அந்த மக்கள் தலையிலும் ஒரு முடி ஏறியது. அதுதான் இன்றும் ஆண்கள் வழிபாட்டின்போது கட்டுகிற தலைப்பாகை. அரங்கத்துக் கிரீடமும் இந்தத் துணியும் ஒன்றா? துரியோதனன் கொடுத்த முடி, “நீ இனி என் ஆள்” என்றது. அய்யா கட்டச் சொன்ன தலைப்பாகை, “நீ யாருக்கும் அடிமை அல்ல” என்றது. முன்னதைச் சூடிய தலை அதைக் கொடுத்தவன் முன் குனிந்தே கிடந்தது. பின்னதைச் சூடிய தலை நிமிர்ந்தது. கொடுத்த அய்யாவோ கைம்மாறாக எதையும் கேட்கவில்லை. காணிக்கையும் வேண்டாம், கைக்கூலியும் வேண்டாம் என்றே விலக்கினார்.

கடன்பட்ட தலை என்ன செய்யும் என்பது சூதாட்ட மண்டபத்தில் தெரிந்தது. திரௌபதியை இழுத்து வந்து நிறுத்தியபோது, துரியோதனனின் தம்பிகளில் ஒருவன் எழுந்தான். அவன் பெயர் விகர்ணன். தன்னையே தோற்ற ஒருவன் மனைவியைப் பணயம் வைத்தது செல்லாது, இது அநியாயம் என்று நூறு பேருக்கு நடுவில் சொன்னான். விகர்ணன் உண்டதும் அதே வீட்டுச் சோறுதான். அவனை அடக்கி உட்கார வைத்தது யார்? வியாச பாரதம் சொல்கிறது, கர்ணன் என்று. சிறுபிள்ளை உனக்கென்ன தெரியும் என்று அதட்டி, திரௌபதியையும் சொல்லத் தகாத சொல்லால் பழித்தான். ஒரு சபையில் அவமானப்பட்டவன், இன்னொரு சபையில் அவமானப்படுத்துகிறவன் ஆனான். பட்ட வேதனை அவனுக்கு அறிவாக மாறவில்லை. கடன் அதைத் தடுத்துவிட்டது.

அவனுக்கு உள்ளுக்குள் இது தெரியாமலும் இல்லை. போருக்கு முன் கண்ணன் அவனைத் தனியே சந்தித்தபோது, துரியோதனனைச் சந்தோஷப்படுத்தவே பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னேன், அதை நினைத்து இப்போது வருந்துகிறேன் என்று அவனே சொல்கிறான். கூத்தில் பொன்னுருவி அவனைக் குலம் குறைந்தவன் என்று ஒதுக்கும்போது நமக்கு நெஞ்சு பதைக்கிறது. அந்த மண்டபத்தில் திரௌபதி நின்ற நிலைக்கும் நெஞ்சு பதைக்க வேண்டும். ஒன்றுக்கு அழுது இன்னொன்றை மறப்பது பாதி நியாயம்.

அப்படியென்றால் நன்றி வேண்டாமா? வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் மண்ணின் வழக்கம். ஆனால் நினைப்பது என்பது அவர் குழியில் விழும்போது கையைப் பிடித்து இழுப்பது. கூடவே குதிப்பது அல்ல. கும்பகர்ணனும் அண்ணனுக்காகத்தான் மாண்டான். ஆனால் சீதையை விட்டுவிடு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனான். கர்ணன் நண்பனுக்கு உயிரைக் கொடுத்தான். அவன் கொடுத்திருக்க வேண்டியது, “வேண்டாம்” என்ற ஒரு சொல். எல்லாருக்கும் எல்லாம் கொடுத்தவன், அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்கவில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. சேலம், நாமக்கல் பக்கத்து விசைத்தறிப் பட்டறைகளில், மகள் கல்யாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ முன்பணம் வாங்கிய தொழிலாளி, அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாமல் கட்டுண்டு கிடப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆபத்தில் கிடைத்த பணம் அன்று தெய்வமாகத் தெரியும். பிறகு கூலி குறைந்தாலும் வாய் திறக்க முடியாது. தேர்தல் நேரத்தில் கைக்கு வரும் நோட்டும், வேலை வாங்கித் தருகிறேன் என்கிற பெரிய மனிதரின் தயவும் இதே வகைதான். கொடுக்கிற கை இனிமேல் நம் நாக்கின் மேல் இருக்கும்.

கட்டிப்போடாத கொடை எது? மேட்டூர்க்காரர்களுக்கு எதிரிலேயே இருக்கிறது. 1934இல் கட்டி முடித்த அணையில், நிறைந்தால் 120 அடிக்குக் காவிரி நிற்கிறது. மதகு திறந்தால் டெல்டாவுக்குப் போகிற தண்ணீர், யார் வயல் என்று கேட்பதில்லை. பாய்ந்த வயலைத் தனக்கு அடிமை என்றும் எழுதிக்கொள்வதில்லை. நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய கோயில் நந்தி தலை காட்டும். அந்தத் தண்ணீருக்காக ஊரையே விட்டு எழுந்து போனவர்களின் பெயரை எந்தக் கூத்திலும் பாடுவதில்லை. சுவாமித்தோப்பு முத்திரிக் கிணற்றிலும் அய்யா இதையே செய்து காட்டினார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் பதமிட்டுக் குடித்தார்கள். அங்கே கொடுத்தவன், வாங்கினவன் என்ற பேதமே இல்லை.

கர்ணனின் முடிவு நமக்குத் தேறுதல் தருகிறது. குருதி வழியக் கிடந்தவனிடம் நாராயணர் வேதியர் வடிவில் வந்து, செய்த புண்ணியம் முழுவதையும் கேட்டார். கொடுத்தான். அதுவரை பொன்னையும் மணியையும் கொடுத்தவன், அன்றுதான் “நான் கொடுத்தேன்” என்பதையே கொடுத்தான். துரியோதனனுக்குப் பட்ட கடனும் அவனுக்கு அங்கே அறுந்தது. மோட்சம் அதற்குப் பிறகே கிடைத்தது.

துவாபர யுகத்தில் வேதியராக வந்து கேட்டவர், கலியுகத்தில் பண்டாரமாக வந்தார். நம்மிடம் புண்ணியத்தையும் பொருளையும் அவர் கேட்கவில்லை. மனத்தில் இருக்கும் கலியை விட்டுவிடச் சொல்கிறார். பதியிலும் தாங்கலிலும் கண்ணாடி முன் விளக்கொளியில் நிற்கும்போது ஒவ்வொருவரும் தம் முகத்தையே கேட்டுக்கொள்ளலாம்: இந்தத் தலை யாரிடமாவது கடன்பட்டுக் குனிந்திருக்கிறதா? நாம் தூக்கிவிடாமல் விட்டதால் கலியின் கைக்குப் போனவர் யாராவது உண்டா?

அய்யா உண்டு.